வெறும் வயிற்று வண்டி

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வீட்டுக் கூடத்தில் மனிதர்களுக்கு இடமில்லை. நடுவில் மோட்டார் சைக்கிள் நின்றது. அதன் சீட்டைக் கழற்றி நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். பக்கவாட்டு மூடி சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. வண்டியின் பின்பாகம் மட்டும் வாசற்படியைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்தது. புகை வெளியே போக வேண்டுமே, அதற்காக. வீட்டுக்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சீட்டுக்கு அடியில் இருந்த வயர்க் கூட்டத்துக்குள் டார்ச் அடித்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

அவர் ஓர் அச்சகத்தில் நாலு வண்ண மெஷின் ஓட்டுகிறவர். தெருவில் அச்சகக்காரர் என்றால் அவர்தான். அச்சடித்த தாளில் சிவப்பு ஒரு பொட்டுத் தூக்கலாக இருந்தாலும் பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவார். மோட்டார் சைக்கிளைப் பற்றி அவருக்கு அந்த அளவுக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்ற ஒரே காரணத்துக்காக அவர் எந்தக் காரியத்தையும் விட்டதில்லை.

வண்டி கெட்டதற்கும் அவரேதான் காரணம். சத்தம் கம்பீரமாக இருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வாய் அகன்ற சைலன்சர் ஒன்றை வாங்கி மாட்டினார். அதோடு விட்டாரா என்றால் இல்லை, காற்று வடிகட்டியையும் மாற்றினார். எஞ்சினுக்குள் போகிற காற்று கூடிவிட்டது. பெட்ரோலை அளந்து விடுகிற ஈசியூ என்னும் பெட்டிக்கு இந்தச் சங்கதி தெரியாது. அது பாட்டுக்குப் பழைய கணக்கிலேயே அளந்துகொண்டிருந்தது. ஆகவே வண்டி நின்ற இடத்தில் இருமும், இருமியபடியே அணைந்தும் போகும். சர்வீஸ் சென்டரில் பழைய சைலன்சரைக் கொண்டுவரச் சொன்னார்கள். அது பழைய இரும்புக் கடைக்குப் போய் இந்நேரம் வேறு யார் வீட்டிலாவது வாணலியாக இருக்கும்.

அவர் ஓட்டும்போது பெரிய தொல்லை இல்லை. தொல்லையெல்லாம் மனைவிக்குத்தான். ஒரு பரிசோதனைக்கூடத்துக்காக விடியற்காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிற வேலை அவளுக்கு. போகிற வீடுகளில் அவளுக்கு ரத்தக்காரம்மா என்று பெயர். எடுத்த ரத்தத்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, அங்கே பெரிய மெஷின் ஓட ஆரம்பிக்கும் முன் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவள் திரும்பி வந்த பிறகு அதே வண்டியில் அவர் அச்சகத்துக்குக் கிளம்புவார். ஒரு வண்டி, இரண்டு சம்பாத்தியம். இத்தனை நாளும் அப்படித்தான் ஓடிற்று.

சனிக்கிழமை மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"திங்கக்கிழமையும் லேட்டா வந்தா இந்த ரவுண்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். மேனேஜர் சொல்லிட்டார். ஸ்கூட்டர் வெச்சிருக்கிற ஆள் ஒருத்தர் ரெடியா இருக்காராம்."

"உன்னை என்ன பண்ணுவாங்களாம்?"

"உள்ள உக்கார வெச்சு டியூபுக்கு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்வாங்க. முன்னாடி ஒட்டினேனே, ஞாபகம் இல்ல? சாயங்காலம் வந்தா யார்கூடவும் பேசப் பிடிக்காது எனக்கு."

"ஞாபகம் இருக்கு. என்கூடயும் பேசல. நீ என்ன சொன்ன அவர்கிட்ட?"

"வண்டி நின்னு நின்னு போகுதுன்னு சொன்னேன்."

"அதான் உண்மையும்கூட," என்றார் அச்சகக்காரர். அவருக்குச் சுருக்கென்றது. சைலன்சரை மாட்டியவர் அவர். ரவுண்டு போய்விட்டால் அது அவர் மாட்டியதால் போனது.

அந்த உறுத்தலில்தான் மைத்துனனுக்குப் போன் போட்டார். மனைவியின் தம்பி, செல்போன் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறவன். அக்கா வீட்டுக்கு வந்தால் முதலில் பிஸ்கெட் டப்பாவைத்தான் விசாரிப்பான். லேப்டாப்பும் எங்கிருந்தோ பிடித்த ஒரு கேபிளுமாக ஞாயிற்றுக்கிழமை காலையே வந்து இறங்கிவிட்டான். கேபிளின் ஒரு முனை லேப்டாப்புக்கு. மறுமுனையை வண்டியில் எங்கே சொருகுவது என்றுதான் மாமனும் மச்சானும் வெகுநேரமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"இதோ மாமா, ரப்பர் மூடி போட்டு ஒளிச்சு வெச்சிருக்கான் பாருங்க."

"இது மேலதான் இவ்வளவு நாளா உக்காந்துட்டு போறேனா?"

"எல்லாரும் அப்படித்தான் போறாங்க. நீங்க ஒருத்தர்தான் எழுந்து பாத்திருக்கீங்க."

நடுவில் மின்சாரம் இறங்கிவிடக் கூடாதென்று பாட்டரிக்கு ஒரு சார்ஜரை மாட்டிவிட்டு, சாவியைத் திருப்பினார்கள். திரையில் ஒரு கோடு மெல்ல ஊர்ந்து நிறைந்தது. பிறகு திரை முழுக்க எண்கள் வந்து உட்கார்ந்தன. மேலிருந்து கீழே போகப்போக எஞ்சினின் வேகம் கூடும். இடமிருந்து வலமாகப் போகப்போக ஆக்ஸிலேட்டரின் திறப்பு கூடும். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். அந்த வேகத்தில், அந்தத் திறப்பில், இவ்வளவு பெட்ரோல்.

அச்சகக்காரருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவருடைய மெஷினிலும் இதே கதைதான். தாளின் அகலம் முழுக்க வரிசையாகத் திருகுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், அந்த இடத்துக்கு இவ்வளவு மை. மையை அளப்பதும் பெட்ரோலை அளப்பதும் ஒரே வேலை என்று இத்தனை வருடமாக யாரும் அவரிடம் சொல்லவில்லையே.

மைத்துனன் கடையிலிருந்து வந்த போனைப் பேச வாசலுக்குப் போயிருந்தான். அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு கேள்வி வந்தது. வண்டியிலிருந்து வாசித்ததைச் சேமிக்கவா, வேண்டாமா. அச்சகத்தில் மெஷினை முடுக்கியதும் முதலில் வருகிற தாள்களை யாரும் எடுத்து வைப்பதில்லை. வண்ணம் ஒன்றோடு ஒன்று சேராமல் பேய்மாதிரி வரும். அள்ளிக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டு, சரியாக வந்த பிறகு வருகிற தாளைத்தான் அடுக்குவார்கள். முதலில் வருவது கழிவு என்பது அவருடைய கையிலேயே ஊறிப்போன பாடம். யோசிக்கவே இல்லை. வேண்டாம் என்பதைத் தட்டினார்.

பிறகு இருவருமாக இணையத்தில் தேடி, இதே வண்டிக்கு இதே மாதிரி சைலன்சர் மாட்டிய யாரோ ஒரு புண்ணியவான் போட்டு வைத்திருந்த எண்களை இறக்கி ஈசியூவில் எழுதினார்கள். சீட்டை மாட்டினார்கள். அச்சகக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர், தலைமுடியெல்லாம் மேலே தூக்கி நிற்க, வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

"பறக்குதுடா. மெயின் ரோட்டுல கையைத் திருப்பினேன் பாரு, நான் பின்னாடி விழாம இருந்ததே பெரிசு."

கடைக்குப் போயிருந்த மனைவி அப்போதுதான் காய்கறிப் பையோடு வந்தாள். பையை அவரிடம் கொடுத்துவிட்டு ஏறினாள். எதிர்வரிசையின் கடைசி வீட்டு வாசல்வரை மெதுவாகப் போனாள். அங்கே நிறுத்துவதுபோல ஆக்ஸிலேட்டரிலிருந்து கையை விட்டாள். வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் அணைந்தது. மறுபடி கிளப்பினாள், மறுபடி அணைந்தது. கடைசியில் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"முன்ன இருமிட்டாவது நின்னுது. இப்ப சொல்லாம கொள்ளாம நிக்குது," என்றாள்.

"பரவாயில்லக்கா. பழைய நம்பரைத் திரும்பப் போட்டுட்டா போச்சு. மாமா, பேக்கப் எங்க வெச்சிருக்கீங்க?"

அச்சகக்காரர் பையிலிருந்த வெண்டைக்காயைப் பார்த்தார்.

"மாமா, பேக்கப்."

"முதல்ல வந்தது கழிவுதானேன்னு விட்டுட்டேன்."

"எதைக் கழிவுன்னு விட்டீங்க?"

"அது கேட்டுது. நான் வேண்டாம்னுட்டேன்."

மைத்துனன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். "அது கம்பெனிக்காரன் போட்ட கணக்கு மாமா. உலகத்துலயே இந்த வண்டிக்குச் சொந்தமான கணக்கு அது ஒண்ணுதான். அதைத்தான் கழிவுன்னு விட்டிருக்கீங்க."

சர்வீஸ் சென்டருக்கு ஞாயிறு விடுமுறை. இரவல் கேட்டால் வண்டி கொடுக்கக் கூடியவர்கள் எல்லாரும் காலையில் வேலைக்குப் போகிறவர்கள். அச்சகக்காரர் அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் காய்கறியை உள்ளே வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து லேப்டாப் எதிரில் உட்கார்ந்தாள்.

"இது என்ன, ஒரு கட்டம் மட்டும் மினுக்கு மினுக்குங்குது?"

"எஞ்சின் இப்ப எந்தக் கட்டத்துல இருக்குன்னு காட்டுது. சும்மா சாவி போட்டிருக்கறதால மேல இருக்கு."

"வண்டி ஓடினா அது நகருமா?"

"நகரும்."

"நகர வெச்சுக் காட்டுங்க."

அவர் கிளப்பி, அணைந்துவிடாமல் ஆக்ஸிலேட்டரைப் பிடித்துக்கொண்டார். மினுக்கு கீழே இறங்கி வலது பக்கம் ஓடியது. அவர் திருப்பத் திருப்ப அது அட்டவணையின் நடுவிலும் கீழ்க்கோடியிலும் துள்ளிக்கொண்டிருந்தது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கையை எடுக்கச் சொல்லித் தானே வாங்கினாள். விடியற்காலையில் தூங்குகிற தெருவுக்குள் நுழையும்போது எப்படிப் பிடிப்பாளோ அப்படி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் திருப்பினாள். மினுக்கு இடது மேல்மூலைக்கு வந்தது. நாலைந்து கட்டங்களுக்குள் அங்கேயே வளைய வந்தது. அவள் விட்டுப் பிடித்தாலும் அந்த மூலையை விட்டு வெளியே போகவில்லை.

"அடேங்கப்பா," என்றான் மைத்துனன். "அக்கா, உனக்கு இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிக் குடுத்தா நீ வாசல் ரூம்லயே குடும்பம் நடத்துற."

"இவர் எங்க குடியிருக்கார்?"

"மாமா மொட்டைமாடியில."

அச்சகக்காரர் சிரிக்கவில்லை. குனிந்து திரையையே பார்த்தார். அவர் சந்தோஷமாக ஓட்டிவிட்டு வந்த கட்டங்கள் எல்லாம் வலதிலும் கீழேயும். அந்தப் புண்ணியவானும் அவரைப் போலவே ஓர் ஆசாமியாக இருந்திருக்க வேண்டும். பறப்பதற்கு வேண்டியதையெல்லாம் செய்துவிட்டு, நின்றபடி ஓடுவதற்கான மூலையை அம்போவென்று விட்டிருந்தான். இத்தனை நாளும் அவள் வண்டி நிற்கிறது என்று சொல்லும்போதெல்லாம் உனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று வாய் கூசாமல் சொன்னது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

"முழு அட்டவணையையும் நாளைக்குள்ள சரி பண்ண முடியாது," என்றார். "உன் மூலையை மட்டும் பண்றேன்."

"பண்ணுங்க. ஆனா ஒரு தடவைக்கு ஒரு நம்பர்தான் மாத்தணும். மூணு மருந்தைச் சேத்துக் குடுத்துட்டு எதுல ஜுரம் இறங்கிச்சுன்னு தேடக் கூடாது."

சைலன்சரின் கழுத்தில் ஒரு சின்ன சென்சார் உண்டு. புகையை முகர்ந்து பார்த்துப் பெட்ரோல் தூக்கலா, குறைச்சலா என்று சொல்வது அதன் வேலை. அதன் பேச்சைக் கேட்டுக்கொண்டு அவர் ஒரு கட்டத்தில் இரண்டு கூட்டுவார், எழுதுவார். அவள் ஆக்ஸிலேட்டரைப் பிடிப்பாள். அணைந்தால் இன்னும் இரண்டு. அணையாமல் புகை கறுத்தால் ஒன்று குறைப்பார். அச்சகத்தில் அவர் செய்கிற வேலையும் இதேதான், திருகைத் தொட்டும் தொடாமலும் திருப்பிவிட்டு அடுத்த தாளுக்குக் காத்திருப்பது. மைத்துனன் பிஸ்கெட் டப்பாவைக் காலி செய்துகொண்டே எண்களைத் தட்டினான். மத்தியானச் சாப்பாட்டைத் தட்டில் வாங்கி வண்டியைச் சுற்றி உட்கார்ந்தே சாப்பிட்டார்கள். சோற்றில் பெட்ரோல் வாடை அடிப்பதாக மைத்துனன் சொன்னான். சொல்லிவிட்டு இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டான்.

வெயில் தாழ்ந்தபோது வண்டி நின்றபடியே எஞ்சின் அணையாமல் ஓடியது. தட்டுத் தடுமாறாமல், ஒரே சீராக, அது பாட்டுக்கு ஓடியது. மேலே ஒரு தம்ளர் தண்ணீரை வைத்தால் சிந்தாது போலிருந்தது. அச்சகக்காரர் எழுந்து முதுகை நிமிர்த்தினார்.

"முடிஞ்சுது."

"முடியல," என்றாள் மனைவி. எஞ்சினுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்த்தாள். "இது காலையிலேர்ந்து ஓடி ஓடிச் சூடேறிக் கெடக்கு. நான் எடுக்கறப்ப ராத்திரி பூரா நின்னு சில்லுனு இருக்கும். சாப்பிட்ட பிறகு எடுத்த ரத்தத்தைப் பாத்துட்டு வெறும் வயித்துச் சர்க்கரை நல்லா இருக்குன்னு சொல்லலாமா?"

மைத்துனன் லேப்டாப்பில் துழாவினான். அவள் சொன்னது சரிதான். இந்தப் பெரிய அட்டவணைக்குப் பின்னால், ஒரே ஒரு வரிசையாக, தனியாக ஒரு சின்னக் கணக்கு இருந்தது. எஞ்சின் எவ்வளவு குளிர்ந்திருந்தால் எவ்வளவு பெட்ரோல் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பது அதில். அந்த வரிசையில் எல்லாமே பூஜ்யம்.

"உனக்கு எப்படிக்கா தெரியும், இப்படி ஒண்ணு இருக்குன்னு?"

"எனக்கு என்ன தெரியும். எதுக்கும் வெறும் வயிறுன்னு ஒண்ணு இருக்குமேன்னு கேட்டேன்."

அதைச் சோதிக்க வேண்டுமென்றால் எஞ்சின் ஆற வேண்டும். மின்விசிறியைத் தூக்கி வந்து எதிரே வைத்தார்கள். ஈரத் துணியைப் போடலாமா என்றான் மைத்துனன். ஈரத் துணி போட்டு இறக்கினால் மேலே மட்டும்தான் இறங்கும் என்று அவள் தடுத்துவிட்டாள். எஞ்சின் ஆறும்வரை மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் ஓர் எண்ணைப் போட்டு ஒருமுறை கிளப்பிப் பார்ப்பார்கள், சூடேறுவதற்குள் அணைப்பார்கள், பிறகு மறுபடி ஆறுவதற்கு உட்கார்வார்கள். ஒரு கிளப்பலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவள் கேள்வியாகக் கேட்டாள். குளிரில் பெட்ரோல் ஏன் கூடுதலாக வேண்டும், சென்சார் எப்படி முகரும், எண்கள் அழிந்துபோன பிறகும் பெட்டி எப்படி உயிரோடு இருக்கிறது. பாதிக் கேள்விக்கு அவர்களுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தேடிப் படித்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மனைவியோடு இவ்வளவு நேரம் ஒரே விஷயத்தைப் பேசியதாக அச்சகக்காரருக்கு ஞாபகமில்லை. வண்டி கெட்டதே நல்லதோ என்றுகூடத் தோன்றியது. அதை வெளியே சொல்கிற துணிச்சல் வரவில்லை.

திங்கட்கிழமை விடிவதற்கு முன் அவள் பட்டனைத் தொட்டதும் வண்டி கிளம்பியது. ஆக்ஸிலேட்டரைப் பிடிக்காமலே அணையாமல் ஓடியது.

"நானும் வர்றேன்," என்றார் அவர். "வழியில ஏதாவது ஆச்சுன்னா மாத்திக்கலாம்." லேப்டாப் பையை மார்பில் மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினார். குளிர்ப்பெட்டி பக்கவாட்டில் தொங்கியது.

அவள் வேலை பார்த்து அவர் பார்த்ததே இல்லை. தெருமுனையிலேயே கையை விட்டுவிட்டு, வண்டியை அது போகிற போக்கில் உருளவிட்டாள். யார் வீட்டு நாயும் குரைக்கவில்லை. முதல் வீட்டில் உள்ளே போனாள், வந்தாள். வண்டி வாசலில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது வீட்டிலும் அப்படியே. அச்சகக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர்வீட்டு மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம், "இந்த வண்டி நேத்து வரைக்கும் இப்படி நின்னுக்கிட்டே ஓடாதுங்க," என்றார். அந்த மனிதர் வாயில் நுரையோடு தலையை ஆட்டினார்.

மூன்றாவது வீட்டில் போனவள் வரவில்லை. அவர் நின்றார். வண்டியை அணைத்தார். வானம் வெளுத்தது. பால்காரர் வந்து போனார். ஏதாவது ஆகிவிட்டதோ என்று அவர் கதவைத் தள்ளி உள்ளே எட்டிப் பார்த்தார்.

கட்டிலில் ஒரு வயதான அம்மாள் சாய்ந்திருந்தார். மூலையில் துணி போட்டு மூடிய தையல் மெஷின். கட்டிலோரத்தில் மனைவி அந்த அம்மாளின் கையை வெந்நீர் ஒத்தடத் துணியில் சுற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவசரமே இல்லாதவள்போல இருந்தாள்.

"யாரு அது?" என்றார் அம்மாள்.

"என் வீட்டுக்காரர்மா."

"அவரும் குத்துவாரா?"

"அவருக்கு ஊசியைப் பாத்தாலே தலை சுத்தும். நீங்க கவலைப்படாதீங்க."

"போன வருஷம் ஒருத்தர் வந்து கை முழுக்கக் குத்திட்டுப் போனார். நான் துணியைக்கூட அப்படிக் குத்தினதில்ல. நீ வர்லேன்னா எனக்கு டெஸ்டே வேணாம்."

"நான்தான் வந்துட்டேனே."

"அந்த நரம்பு வந்துதா?"

"வருது வருது. கூப்பிட்டா வர மாட்டேங்குது. பேசாம இருந்தா தானா வருது."

அவர் சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டார். வண்டியின் மேல் சாய்ந்து நின்றார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் வந்து டியூபைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"தினமும் இப்படியா?"

"இவங்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கணும். சூடு ஏறி நரம்பு மேல வர்றதுக்கு நேரமாகும். அவசரப்பட்டா உள்ள போய்டும்."

"அப்ப லேட்டானது வண்டியால இல்ல."

அவள் பெட்டியின் வாரை இறுக்கினாள். "வண்டி நின்னதும் நிஜம்தாங்க. ஆனா அது நின்னதைவிட நான் இங்க உக்காந்ததுதான் ஜாஸ்தி. வண்டின்னு சொன்னா மேனேஜர் திட்டிட்டு விட்டுடுவார். இந்த வீடுன்னு சொன்னா இந்த வீட்டை எடுத்துடுவார். அப்புறம் இந்தம்மா டெஸ்டே பண்ணிக்க மாட்டாங்க."

"நேத்து முழுக்க என்னை உக்கார வெச்சியே?"

"நீங்க அவ்வளவு ஆசையா உக்காந்திருந்தீங்க. சொல்ல மனசு வரல. அப்புறம் எனக்கே ஆசை வந்துடுச்சு, இதுக்குள்ள என்னதான் இருக்குன்னு."

கோபம் வர வேண்டிய இடம் இது. அவர் தேடிப் பார்த்தார், வரவில்லை. பழியெல்லாம் தன் சைலன்சர் மேல் இல்லை என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. அதற்குப் பின்னாலேயே பயம் வந்தது. வண்டி சரியாகிவிட்டது, இனி சொல்வதற்கு அவளிடம் ஒரு சாக்கும் இல்லை. வெயில் சுவரில் ஏறிவிட்டது, இன்னும் ஒரு வீடு பாக்கி.

"வேணும்னா ரெண்டு நம்பரைக் கெடுத்து வெக்கறேன்," என்றார் லேப்டாப் பையைத் தட்டி. "மேனேஜர் வாசல்ல போய் நாலு தடவை இருமிட்டு நிக்கட்டும்."

அவள் சிரித்துவிட்டாள். தெருவில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"யாருக்கு?"

"மேனேஜருக்கு. நாம ரெண்டு பேரும் பாத்துப் பாத்து சரி பண்ணின வண்டி. இது மேல இனிமே பொய் சொல்ல மாட்டேன்." அவள் பேசுவது அவருக்குக் கேட்டது. "சார், வண்டி நல்லாத்தான் இருக்கு. லேட் பண்றது நான்தான். ஒரு வீட்டுல நேரமாகுது சார். அந்தம்மாவுக்கு என் கைதான் ஆகும். நேர்ல சொல்றேன்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "சரி சார்," என்று போனை வைத்தாள்.

"என்ன சொல்றார்?"

"முதல்ல பெட்டியைக் கொண்டு வா, மிச்சத்தை அப்புறம் பேசலாம்ங்கறார். மெஷின் போடறதுக்குள்ள வரணுமாம்."

கடைசி வீட்டில் அவள் வாசலிலேயே முடித்துக்கொண்டு ஓடி வந்தாள். பரிசோதனைக்கூடத்துக்குப் போக ஒரு பாலத்தைத் தாண்ட வேண்டும். பாலத்தின் ஏற்றத்தில் இரண்டு பேரையும் பெட்டியையும் சுமந்துகொண்டு வண்டி திணறியது. அவள் கையை இன்னும் திருப்பினாள். திருப்பியதும் வண்டி அவளுடைய மூலையைவிட்டு வெளியே வந்துவிட்டது. அவளுக்காக மாற்றிய எண்களும் அந்தப் புண்ணியவானின் எண்களும் சேருகிற இடத்தில் ஒட்டாமல் கிடந்தன. குலுங்கியது, இருமியது.

"நிறுத்து," என்றார் அவர்.

"நிறுத்தினா ஏறாது."

"நிறுத்து, நான் இறங்கிடறேன். ஆள் குறைஞ்சா உன் கட்டத்துக்குள்ளயே ஏறிடும். கையைக் கூட்டாம மெதுவாப் போ, போதும்."

"உங்களுக்கு வேலைக்கு நேரமாயிடும்."

"நீ போ."

அவர் குதித்து இறங்கினார். அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். அவர் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பஸ்ஸும் லாரியும் இரைந்துகொண்டு போகிற அந்தச் சாலையில் ஒரே ஒரு சத்தம்தான் அவருக்கு வேண்டியிருந்தது. அது இருமாமல், உயராமல், ஒரே சீராக ஏறிக்கொண்டு போயிற்று. உச்சியைத் தாண்டி இறங்கிய பிறகும் சற்று நேரம் கேட்டது. அப்புறம்தான் மூச்சு விட்டார்.

அச்சகம் எதிர்த்திசையில் இருந்தது. பையை மார்பில் கட்டிக்கொண்டு அவர் நடக்க ஆரம்பித்தார். பாதி தூரம் போயிருப்பார், போன் அடித்தது.

"சேந்துட்டேன்," என்றாள் அவள். மூச்சு வாங்கியது. "மெஷின் இன்னும் போடல."

"அவர் என்ன சொன்னார்?"

"மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் இருந்தார். நானே ஒரு வழி சொன்னேன். மத்த வீட்டு ரத்தத்தை முதல்ல கொண்டு வந்து குடுத்துட்டு, தையல்காரம்மாவுக்கு மட்டும் தனியா ரெண்டாவது நடை போறேன்னு. அது அடுத்த தடவை மெஷின் போடறப்ப சேத்துக்கலாமாம். ரவுண்டு என்கிட்டயே இருக்கட்டும்னுட்டார்."

"நல்லதாப் போச்சு."

"ஆனா அப்படின்னா வண்டி மத்தியானம் வரைக்கும் என்கிட்ட இருக்கணும். இருக்கும்னு சொல்லிட்டேன். உங்களைக் கேக்காமயே சொல்லிட்டேன்." அவள் நிறுத்தினாள். "நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"நடந்துக்கிட்டிருக்கேன்," என்றார் அச்சகக்காரர். "நீ கேக்கறதுக்கு முன்னாடியே பழக ஆரம்பிச்சுட்டேன்."